கீகல் பயிற்சி: இறுக்குகிறேன் என்று முக்காதீர்கள்

சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசையை இறுக்கித் தளர்த்துவதுதான் கீகல் பயிற்சி. புதிதாக வேலைக்குச் சேரும் பிசியோ பிள்ளைகள், இருமினால் தும்மினால் சிறுநீர் கசிகிறது என்று வரும் பெண்ணிடம் "அந்த இடத்தை இறுக்கி இறுக்கி விடுங்கம்மா" என்று வாயால் சொல்லி, ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நாங்களும் இப்படித்தான் ஆரம்பித்தோம் என்பதால் திட்டவும் முடியவில்லை. இந்தப் பயிற்சியில் நடக்கும் தவறுகளில் மறந்துபோவது, பாதியில் விடுவது எல்லாம் தெரிந்த கதை, அதை விடுங்கள். மற்றவற்றைப் பார்ப்போம்.

முக்குவது

இடுப்புத் தளத் தசை சுருங்கினால் உள்ளேயும் மேலேயும் போக வேண்டும். பலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கி முக்குகிறார்கள். இருமும்போது எந்த அழுத்தத்தால் கசிகிறதோ, அதையே தினமும் மூன்று வேளை தாங்களே கொடுக்கிறார்கள். 1991-ல் அமெரிக்காவில் வாய்வழி விளக்கம் மட்டும் கேட்ட 47 பெண்களைச் சோதித்தபோது ஏறக்குறையப் பாதிப்பேர்தான் சரியாகச் செய்தார்கள். நாலில் ஒருவர் செய்த விதம் கசிவைக் கூட்டக்கூடியது. இந்தப் பயிற்சிக்குப் பெயர் தந்த அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948-லேயே அழுத்தம் காட்டும் கருவியை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார். நாம் கருவியை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஓர் ஆசிரியை, ஒரு நாள் விடாமல் மாதக்கணக்கில் செய்தும் கசிவு கூடிக்கொண்டே போக, இனி ஆபரேஷன்தான் என்ற முடிவோடு வந்தார். பரிசோதித்தால் அத்தனையும் முக்கல். சோம்பேறி என்றால்கூடப் பரவாயில்லை, சொன்னதைச் செய்தவருக்கு இந்தக் கதி என்பதுதான் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, கண்ணாடியில் பாருங்கள். வாயு பிரியாமல் அடக்குவதுபோல் இறுக்கும்போது ஆசனவாய் சுருங்கி உள்ளே போக வேண்டும். வெளியே புடைத்தால் நிறுத்திவிட்டு, இதில் பழக்கமுள்ள பிசியோவிடம் போங்கள். வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக ஓடும்.

சிறுநீரைப் பாதியில் நிறுத்திப் பழகுவது

எந்தத் தசை என்று கண்டுபிடிக்க ஒருமுறை சரி. தினமும் செய்தால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம்.

தளர்த்த மறப்பது

இறுக்கிய நேரத்துக்குக் குறையாமல் தளர்த்துங்கள்.

தண்ணீரைக் குறைப்பது

சிறுநீர் அடர்த்தியாகிப் பையை உறுத்தும், அவசரம்தான் கூடும்.

பாயோடு முடித்துக்கொள்வது

வேளைக்கு எட்டு முறையாவது, மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். அப்புறம், குடம் தூக்கும் முன், தும்மல் வரும் முன் இறுக்கிக்கொள்ள வேண்டும். அது பழகாவிட்டால் பாயில் செய்ததெல்லாம் பாயிலேயே நின்றுவிடும். சிறுநீரில் ரத்தம், எரிச்சல், தொடையிடுக்கில் மரத்துப்போதல் என்றால் பயிற்சி இருக்கட்டும், முதலில் டாக்டரைப் பாருங்கள், மரத்துப்போனால் அன்றைக்கே.