ராட்வைலர் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராட்வைலர் இன நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த கையோடு பலர் வாங்குவது ஒரு தடித்த சங்கிலி. வாசலோரம் கட்டிப்போட்டால் காவல் தானாக வந்துவிடும் என்று ஒரு கணக்கு. முதல் தவறு இதுதான்.

கட்டிக் கிடந்து குரைப்பதற்காக உருவான இனம் இல்லை இது. ரோமானியப் படைகளோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வந்த மாட்டு நாய்களின் வழி வந்தது என்பார்கள். தெற்கு ஜெர்மனியில், ராட்வைல் என்ற சந்தை ஊரில், கசாப்புக்காரர்களுக்காக மாடுகளை ஓட்டியது, வண்டி இழுத்தது. ரயில் வந்து அந்த வேலை போனதும் இனமே அருகிவிட்டது. 1882இல் ஹைல்பிரான் நகரில் நடந்த நாய்க் கண்காட்சிக்கு வந்தது ஒரே ஒரு ராட்வைலர். அதுவும் சுமார் ரகம். 1910இல் ஜெர்மனியில் போலீஸ் நாயாக ஏற்கப்பட்ட பிறகுதான் மறுபடி தலையெடுத்தது. ஆக, பகல் முழுக்க ஆளோடு சேர்ந்து உழைத்த நாய். அதைத் தனியே கட்டினால், எதையும் எட்ட முடியவில்லையே என்ற ஆத்திரம்தான் நாளுக்கு நாள் சேரும். அப்புறம் விருந்தாளி யார், திருடன் யார் என்று பிரித்துப் பார்க்கும் நிதானம் அதற்கு எங்கிருந்து வரும்?

“வெளியாட்களோடு பழகவிட்டால் காவல் குணம் போய்விடும்” என்பது அடுத்த தப்பெண்ணம். நடப்பது நேர்மாறு. குட்டிக்கு மூன்றிலிருந்து பதினான்கு வாரம் வரையான காலம் முக்கியம். குடை, சைக்கிள், ஹெல்மெட் போட்ட ஆள், ஓடி விளையாடும் பிள்ளைகள் எல்லாம் சாதாரணம்தான் என்று அப்போதே அது தெரிந்துகொள்ள வேண்டும். இயல்பானது எது என்று தெரிந்த நாய்க்குத்தான் இயல்பு மீறியது எது என்றும் தெரியும். தடுப்பூசி முடியவில்லையா? தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம், தரையில் விட வேண்டாம். கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் பார்வோ வைரஸ் இந்த இனக் குட்டிகளைச் சற்று எளிதாகவே தாக்கும், அதனால் தடுப்பூசியில் ஒரு தவணையும் தவறக் கூடாது.

வளர்ந்த ராட்வைலர் காலில் சாய்ந்து நிற்கும், இடுப்பால் இடித்துத் தள்ளும். மாட்டை நகர்த்திய பழைய பழக்கம்தான், திமிர் இல்லை. இதற்கு அடிப்பவர்கள் உண்டு. கொஞ்சும்போது தொண்டைக்குள் கர்கர் என்று ஒரு சத்தம் எழுப்பும். உடம்பு தளர்ந்திருந்தால் அது சந்தோஷச் சத்தம். உடம்பு விறைத்து, பார்வை ஒரே இடத்தில் நிலைகுத்தி உறுமினால் விஷயம் வேறு. அப்போதும் அடிக்கக் கூடாது. உறுமலை அடித்து அடக்கினால் எச்சரிக்கை மட்டும்தான் போகும், கடி போகாது. விலகி நின்று, எது பிடிக்கவில்லை என்று பாருங்கள்.

சாப்பாட்டில் நடக்கும் தவறுகள் பாசத்தால் வருபவை. ஆண் நாய் 50 கிலோ வரை வரும் என்று கேள்விப்பட்டு, சீக்கிரம் பெரிதாக்க நினைத்துக் குட்டிக்குத் தாராளமாகப் போட்டுக் கால்சியம் மாத்திரையும் கொடுப்பார்கள். பெரிய இனக் குட்டியின் உடம்புக்குக் கூடுதல் கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாது. எலும்பு கோணலாக வளரும். பெரிய இனக் குட்டிகளுக்கான தீவனம் கொடுத்தால் போதும், மாத்திரை வேண்டாம். விலாவில் கை வைத்தால் எலும்பு தட்டுப்பட வேண்டும். உயரத்திலிருந்து குதிக்கவிடுவதும் நீண்ட தூரம் ஓட்டுவதும் ஒன்றரை வயதுக்குப் பிறகு.

கருத்தடையிலும் அவசரம் வேண்டாம். ஒரு வயதுக்குள் செய்யப்பட்ட ராட்வைலர்களுக்கு எலும்புப் புற்றுநோய் அதிகம் வந்ததாக 2002இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. எப்போது செய்வது என்று மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள். நொண்டல் இந்தப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால், நடுவயது நாய் நொண்டினால் “சுளுக்கு, சரியாகிவிடும்” என்று வாரக்கணக்கில் விட்டுவிடாமல் எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது.

இன்னொன்றுக்குக் காத்திருக்கவே நேரம் கிடையாது. வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல், படுக்க முடியாமல் அங்குமிங்கும் நடந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று பார்த்தால் உயிர் போய்விடும். இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று முன்கூட்டியே விசாரித்து, எண்ணைப் போனில் சேமித்து வையுங்கள்.