உயரமான மலைச்சாலைகளில் எஞ்சின் ஆற்றலைக் கையாளுவது எப்படி? தொடக்கநிலை ஓட்டுநர்களுக்கான செய்முறை

சமவெளியில் மட்டுமே ஓட்டிப் பழகியவர், 3,000 மீட்டர் உயரத்தில் உள்ள செங்குத்தான ஏற்றத்தில் முதன்முறையாகக் காரைச் செலுத்தும்போது, ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தும் வேகம் இறங்கிக்கொண்டே போவதைக் கண்டு, வண்டியில் ஏதோ பழுது என்று பதறிவிடுகிறார். பெரும்பாலும் பழுது எதுவும் இருக்காது. எஞ்சின் தனக்குக் கிடைக்கும் காற்றின் அளவுக்கு ஏற்ற வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கும். அந்த உயரத்தில் மேலும் ஆற்றலைப் பெறச் சரியான கியரைத் தேர்ந்து எஞ்சினின் சுழற்சி வேகத்தைக் கூட்டுவதே வழி. அதை எப்படிக் கணித்து, எப்படிச் செயல்படுத்துவது என்பதை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

படி 1: மேலே போனால் எவ்வளவு ஆற்றல் மிஞ்சும் என்று கணக்கிடுங்கள்

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எந்த மலை உச்சியிலும் ஏறக்குறைய 21 சதவீதமாகவே இருக்கிறது. குறைவது காற்றின் அடர்த்தி. கடல்மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.225 கிலோ என்றால், 2,000 மீட்டரில் அது ஏறத்தாழ 1 கிலோவாகவும், 3,000 மீட்டரில் 0.91 கிலோவாகவும், 4,000 மீட்டரில் 0.82 கிலோவாகவும் இறங்கிவிடுகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரியச் சுமார் 14.7 கிலோ காற்று தேவை என்பதால், காற்று குறையும் அளவுக்கு எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறைந்தாக வேண்டும். இக்காலக் கார்களில் உள்ள கணினி, உணரிகளின் உதவியுடன் பெட்ரோலின் அளவைக் குறைத்துக் கலவையைச் சரியாக வைத்துக்கொள்ளும். ஆனால் இல்லாத காற்றை அதனால் உண்டாக்க முடியாது. கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் அந்தத் திருத்தமும் நடக்காததால், எரியாத பெட்ரோல் கரும்புகையாக வெளியேறும்.

டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 10 சதவீத ஆற்றலை இழக்கிறது என்று வைத்துக்கொண்டால் போதும். கடல்மட்டத்தில் 80 குதிரைத்திறன் தரும் எஞ்சின் 3,000 மீட்டரில் 56 குதிரைத்திறன் அளவில் நின்றுவிடும்.

படி 2: உங்கள் எஞ்சின் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

டர்போ உள்ள எஞ்சின், மெலிந்த காற்றை அழுத்தி உள்ளே செலுத்துவதால், ஒரு குறிப்பிட்ட உயரம் வரை பெரிதாக ஆற்றலை இழப்பதில்லை. ஆனால் டர்போ போதிய அழுத்தத்தை எட்டுவதற்கு முன்பு, அதாவது குறைந்த சுழற்சியில், அதே எஞ்சின் டர்போ இல்லாத ஒரு சிறிய எஞ்சினைப் போலத்தான் நடந்துகொள்கிறது. உயரம் கூடக்கூட டர்போ விழித்துக்கொள்ள எடுக்கும் நேரமும் கூடுகிறது. ஆகவே டர்போ வண்டி வைத்திருப்பவருக்கும் அடுத்து வரும் படிகள் அனைத்தும் பொருந்தும்.

மின்சாரக் காருக்கு எரிதல் இல்லாததால் இந்த இழப்பே கிடையாது. அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் போட்டி 2,862 மீட்டரில் தொடங்கி 4,302 மீட்டரில் முடிகிறது. 2018-இல் ஃபோக்ஸ்வாகனின் ஐ.டி. ஆர் என்ற மின்சாரக் கார் அந்தப் பாதையை 8 நிமிடங்களுக்குள் ஏறி முடித்தது. அதற்கு முன் எந்த எரிபொருள் வண்டியும் அந்த நேரத்துக்குள் ஏறியதில்லை. மெலிந்த காற்றில் ஆற்றலை இழக்காதது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

படி 3: ஏற்றம் கேட்கும் ஆற்றலையும் கியர் தரும் ஆற்றலையும் ஒப்பிடுங்கள்

இந்தப் படியை மட்டும் சற்று நிதானமாகப் படியுங்கள். மற்ற அனைத்தும் இதிலிருந்தே பிறக்கின்றன.

பயணிகளும் சுமையும் சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார், 7 சதவீத ஏற்றத்தில் (100 மீட்டருக்கு 7 மீட்டர் உயரும் சாலையில்) மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஏறுகிறது என்று கொள்வோம். ஈர்ப்பு விசையை எதிர்த்து எடையைத் தூக்க மட்டும் சுமார் 17 கிலோவாட் (குதிரைத்திறனைப் போலவே ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும்; டயர் உராய்வையும் காற்றுத்தடையையும் சேர்த்தால் தேவை 21 அல்லது 22 கிலோவாட் ஆகிவிடும். டர்போ இல்லாத ஒரு சிறிய பெட்ரோல் எஞ்சின், ஐந்தாம் கியரில் 2,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2,000 சுழற்சிகளில்) கடல்மட்டத்தில் 20 கிலோவாட் தருமானால், 3,000 மீட்டரில் சுமார் 14 கிலோவாட்தான் தரும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இந்த 14 என்பது 21 ஆகாது. வண்டி வேகம் இழந்தே தீரும். அதே வேகத்தில் மூன்றாம் கியருக்கு இறங்கினால் சுழற்சி 3,500 ஆர்பிஎம்மை நெருங்கும். கடல்மட்டத்தில் அங்கே 40 கிலோவாட் தரும் அந்த எஞ்சின், 3,000 மீட்டரிலும் 28 கிலோவாட் தரும். கியர்பாக்ஸில் வீணாவது போகவும் ஏற்றத்துக்குப் போதுமான ஆற்றல் கையிருப்பில் இருக்கும்.

படி 4: வேகம் விழுவதற்கு முன்பே கியரை இறக்குங்கள்

எஞ்சின் திணறத் தொடங்கிய பிறகு கியரை மாற்றினால், கிளட்ச் அழுந்தியிருக்கும் அந்த நொடியிலேயே ஏற்றம் மேலும் வேகத்தைத் தின்றுவிடும். ஆகவே ஏற்றம் கண்ணுக்குத் தெரியும்போதே இறக்கிவிடுங்கள்.

கொண்டை ஊசி வளைவில் இது இன்னும் முக்கியம். வளைவின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் செங்குத்தாக இருக்கும்; உட்புறமாகத் திரும்ப வேண்டியிருந்தால், வளைவுக்குள் நுழையும் முன்பே இரண்டாம் கியருக்கு, மிகவும் செங்குத்தென்றால் முதல் கியருக்கு வந்துவிட வேண்டும். எதிரே இறங்கி வரும் வண்டி உண்டா என்று பார்த்து, ஆக்சிலேட்டரைச் சீராக வைத்துத் திரும்பி, ஸ்டியரிங் நேரான பின்பே மேலும் மிதியுங்கள். கியர் லீவர் நடுங்குவது, தரையிலிருந்து கனத்த உறுமல் எழுவது, மிதித்தும் பதில் வராதது ஆகியவை கியர் அதிகமாக இருப்பதன் அடையாளங்கள்.

ஏற்றத்தில் பெட்ரோல் எஞ்சினை ஏறத்தாழ 3,000 முதல் 4,000 ஆர்பிஎம் வரையிலும், டீசல் எஞ்சினை 2,000 முதல் 3,000 வரையிலும் வைத்துக்கொள்வது நல்லது. புதியவர்கள் பலர் எஞ்சினின் இரைச்சலைக் கேட்டதும் அஞ்சி மேல் கியருக்குப் போய்விடுகிறார்கள். ஆர்பிஎம் மானியின் முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை அந்த இரைச்சலால் கேடு இல்லை. மேல் கியரில் திணற விடுவதே எஞ்சினுக்குக் கூடுதல் துன்பம்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் 'டி' நிலையில் கியர் மேலும் கீழுமாக அலைபாய்ந்தால், மேனுவல் முறைக்கோ, 'எல்' அல்லது '2' நிலைக்கோ மாற்றி, ஒரே கியரில் நிறுத்துங்கள்.

படி 5: வெப்பமானியின் மீது ஒரு கண் வையுங்கள்

மெலிந்த காற்று ரேடியேட்டரிலிருந்து குறைவான வெப்பத்தையே எடுத்துச் செல்லும். எஞ்சினோ முழு உழைப்பில் இருக்கும். முள் மேலேறினால் முதலில் ஏசியை நிறுத்துங்கள். அதனால் எஞ்சினுக்குச் சிறிது ஆற்றலும் திரும்பக் கிடைக்கும். அதன் பின்னும் ஏறினால் ஹீட்டரை முழுதாகப் போடுங்கள்; அது எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதியைக் காருக்குள் இழுத்துவிடும். பாதுகாப்பான இடம் வந்ததும் ஓரமாக நிறுத்துங்கள். 3,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 90 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் அழுத்தம் விடுபட்டுக் கொதிநீர் பீறிடும் என்பதால், அதை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

படி 6: முந்துவதையும் ஏற்றத்தில் கிளப்புவதையும் புதிதாகக் கணியுங்கள்

எஞ்சினின் மொத்த ஆற்றலில் பெரும்பகுதியை ஏற்றமே எடுத்துக்கொள்வதால், முந்துவதற்கு மிஞ்சுவது மிகக் குறைவு. சமவெளியில் போதுமான இடைவெளி இங்கே போதாது. நீண்ட தூரம் தெளிவாகத் தெரியாவிட்டால் பின்னாலேயே செல்லுங்கள். நின்ற இடத்திலிருந்து கிளப்பும்போது ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, வழக்கத்தைவிடக் கூடுதலாக ஆக்சிலேட்டர் கொடுத்து, கிளட்ச் பிடிப்பதை உணர்ந்த பின்பே ஹேண்ட்பிரேக்கை விடுவியுங்கள். தேவையற்ற சுமையை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள்.

படி 7: இறங்கும்போதும் அதே கியர் சிந்தனை வேண்டும்

ஏறிய கியரிலேயே, அல்லது அதைவிட ஒன்று குறைத்து இறங்குங்கள். நியூட்ரலில் உருட்டக் கூடாது. பெட்ரோல் கார்களில் பிரேக்கின் உதவி பெரும்பாலும் வெளிக்காற்றுக்கும் எஞ்சினின் உள்வெற்றிடத்துக்கும் உள்ள அழுத்த வேறுபாட்டால் கிடைப்பதால், உயரத்தில் மிதி சற்றுக் கடினமாகத் தோன்றலாம். எனவே இறக்கம் தொடங்கும் முன்பே, மெதுவான வேகத்தில் ஒருமுறை மிதித்துப் பார்த்துவிடுங்கள். டர்போ வண்டியை நீண்ட ஏற்றத்துக்குப் பின் நிறுத்தினால், ஓரிரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, டர்போ குளிர்ந்த பின்பு எஞ்சினை அணையுங்கள்.