பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கியர் தளர்கிறதா? முதலில் புஷ்ஷைப் பாருங்கள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் கியரை ஓயாமல் மாற்ற வேண்டியிருப்பதால், பழைய மேனுவல் ஸ்போர்ட்ஸ் காரின் கியர் லீவர் தளர்ந்திருந்தால் அங்கேதான் அது நன்றாக உறுத்தும். அதற்காக உடனே கியர்பாக்ஸைப் பிரிக்கச் சம்மதிக்க வேண்டாம். கியரில் இருக்கும்போதும் லீவர் தாராளமாக ஆடுகிறதென்றால், பெரும்பாலும் அதன் அடியிலோ லீவரைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் லிங்கேஜ் முனைகளிலோ உள்ள பிளாஸ்டிக் அல்லது ரப்பர் புஷ்கள் (அசையும் மூட்டுகளில் பொருத்தும் சிறு உறைகள்) தேய்ந்திருக்கும்; விலை குறைந்த அந்தச் சிறு பாகங்களை மாற்றினாலே கைக்கு வரும் உறுதி வியக்க வைக்கும். முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டா ஸ்போர்ட்ஸ் காரில் லீவரின் அடிப்பகுதிக்கெனத் தனியாகவே எண்ணெய் உண்டு; கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றுவோர் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் கடைக்காரர் சொல்வதைவிடக் காரின் கையேட்டையே நம்புங்கள். ஜிஎல்-4 தர எண்ணெய் கேட்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 தர எண்ணெயை ஊற்றினால், அதில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மங்கள் கியர் மாறும்போது சுழலும் வேகங்களைச் சமன்படுத்தும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். வண்டி நிற்கும்போது ரிவர்ஸ் கியர் கரகரத்து விழுந்தால், கிளட்ச் முழுதாக விடுபடுகிறதா என்பதையும் மலையேறுவதற்கு முன்பே மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.