ஒரு மனுவுக்கு ஒரு குறை

திங்கட்கிழமை மதுரை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனுவோடு போகிறவர்களே, பட்டா, தெருவிளக்கு, ரேஷன் அட்டை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதாதீர்கள். குறைக்கு ஒரு மனுவாகப் பிரித்துவிடுங்கள். என் அத்தைக்கு நான் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.

ஒவ்வொரு குறையும் வேறு வேறு அலுவலரிடம் போகும். பட்டா மாறுதல் என்றால் வட்டாட்சியர்; ரேஷன் அட்டை என்றால் வட்ட வழங்கல் அலுவலர். பலர் தடுமாறுவது தெருவிளக்கில்தான். கம்பத்தைப் பார்த்ததும் மின்வாரியத்துக்கு எழுதிவிடுகிறார்கள். தெருவிளக்கு நகருக்குள் மாநகராட்சியின் பொறுப்பு, கிராமத்தில் ஊராட்சியின் பொறுப்பு. வீட்டில் மின்சாரம் இல்லையென்றால் மனுவே வேண்டாம், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணை அழையுங்கள்.

மனுவில் ‘பொருள்’ என்று தொடங்கும் வரியிலேயே குறையையும் ஊரையும், நில விவகாரமானால் சர்வே எண்ணையும் எழுதுங்கள். பிரித்துப் படிக்கிறவருக்கு அது எங்கே போக வேண்டும் என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு மனுவுக்கும் தனித்தனியாக ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.