கம்ப்யூட்டர் ஓன் ஆகவில்லையா? எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

மட்டக்களப்பு டவுனில் எந்தக் கம்ப்யூட்டர் கடையில் போய் நின்றாலும் இது காதில் விழும்: "அண்ணன், ஓன் ஆகுது இல்ல. விண்டோஸ் போட்டுத் தாங்க." இந்த இரண்டு வசனத்துக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது. லைட்டே எரியாத பெட்டிக்கு விண்டோஸ் போட்டு என்ன செய்வது?

பட்டனை அழுத்தியதும் முதலில் பவர் சப்ளை கரண்ட் கொடுக்கும். பிறகு மதர்போர்ட்டில் (எல்லாப் பாகமும் இணையும் பெரிய போர்ட்டில்) இருக்கும் பயோஸ் என்ற தொடக்க மென்பொருள் எழும்பி, ராம் (தற்காலிக நினைவகம்), டிஸ்க் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கும். அது முடிந்த பிறகுதான் டிஸ்க்கில் இருந்து விண்டோஸ் வரும். உங்கள் மெஷின் இதில் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

லைட்டும் இல்லை, ஃபேனும் இல்லை

அதே பிளக்கில் ஃபோன் சார்ஜரைக் குத்திப் பாருங்கள். கரண்ட் வருகிறதென்றால் யூபிஎஸ்ஸையும் எக்ஸ்டென்ஷன் வயரையும் விட்டுவிட்டு, கம்ப்யூட்டரை நேரே சுவர் பிளக்கில் கொடுங்கள். யூபிஎஸ் பேட்டரி செத்துப்போய், பழி கம்ப்யூட்டரில் விழுவது சாதாரணம்.

பெட்டியின் பின்பக்கம், வயர் குத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சுவிச் இருக்கும். கூட்டும்போது தட்டுப்பட்டு அது ஓஃப் ஆகியிருக்கலாம். பழைய பவர் சப்ளை என்றால் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிச் ஒன்றும் இருக்கும். நம் நாட்டுக்கு 230. அதை 115க்கு மாற்றிவிட்டு ஓன் பண்ணினால் பவர் சப்ளை புகைந்துவிடும்.

அதுவும் சரியா? வயரைக் கழற்றி, பவர் பட்டனை 30 செக்கன் அழுத்திப் பிடித்து, திரும்பக் கொடுத்துப் பாருங்கள். லாப்டொப்புக்கும் இதேதான், சார்ஜரைக் கழற்றிவிட்டு. சித்திரை, ஐப்பசியில் பின்னேர இடி மின்னலுக்குப் பிறகு இப்படி ஆனதென்றால் பவர் சப்ளையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆனால் அதைத் திறக்காதீர்கள். வயரைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கபாசிட்டர்களில் ஷொக் அடிக்கிற அளவுக்குச் சார்ஜ் நிற்கும்.

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு

முதலில் மொனிட்டர் கேபிள். தனி கிராஃபிக்ஸ் கார்ட் போட்டிருந்தால் கேபிள் அதில்தான் இருக்க வேண்டும், மதர்போர்ட்டில் அல்ல.

அடுத்தது ராம். நம் பக்கத்தில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கல்லடி, காத்தான்குடி, கல்முனை என்று கரையோர வீடுகளில் உப்பு ஈரம் எப்போதும் உண்டு. வாடை மழைக் காலத்தில் கேட்கவே தேவையில்லை. அந்த ஈரத்தில் ராமின் பற்களில் படலம் பிடித்து, தொடுப்புச் சரியாகக் கிடைக்காமல் போகும். சுத்தம் பண்ணுவது கஷ்டமில்லை:

1. வயரைக் கழற்றுங்கள். பெட்டியின் பெயின்ட் பூசாத இரும்பைத் தொட்டு, உடம்பில் இருக்கும் நிலைமின்னை இறக்குங்கள்.
2. ராமின் இரண்டு ஓரத்துக் கிளிப்பையும் விலக்குங்கள். சில போர்ட்டில் ஒரு பக்கம்தான் கிளிப் திறக்கும். ராமை ஓரத்தில் பிடித்து எடுங்கள். பொன்னிறப் பற்களில் விரல் படக்கூடாது, வியர்வையும் உப்புத்தான்.
3. வெள்ளை அழிறப்பரால் பற்களை இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் பிரஷால் தட்டுங்கள்.
4. பள்ளம் பொருந்தும் பக்கம் பார்த்து வைத்து, 'டக்' என்று கிளிப் விழும்வரை அழுத்துங்கள். ஆட்கள் பயந்து அரைகுறையாகச் செருகுவது இந்த இடத்தில்தான்.

இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒன்றில் திரை வந்து மற்றதில் வராவிட்டால், அதே ஸ்லொட்டில் மாற்றிப் போட்டு உறுதிப்படுத்துங்கள். டிடிஆர்5 என்ற புதிய வகை ராம் உள்ள மெஷினில் அதைக் கழற்றிப் போட்ட பிறகு முதல் தடவை திரை வரச் சில நிமிடம் எடுக்கலாம், அவசரப்பட்டு ஓஃப் பண்ண வேண்டாம்.

இன்னும் கறுப்பா? வயரைக் கழற்றிவிட்டு, மதர்போர்ட்டில் இருக்கும் காசு போன்ற சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் எடுத்து வைத்துவிட்டுப் போடுங்கள். பயோஸ் செட்டிங் பழைய நிலைக்குத் திரும்பும்.

லோகோ வருகிறது, அதோடு நிற்கிறது

பென் டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள். பென் டிரைவில் விண்டோஸைத் தேடிக்கொண்டு நிற்கிற மெஷின்களும் உண்டு.

விண்டோஸ் 10, 11இல் பழைய எஃப்8 பழக்கம் பொதுவாக வேலை செய்யாது. வட்டம் சுற்றும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஓஃப் பண்ணுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் ரிப்பேர் திரை தானாக வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் என்று போய் முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர். அப்டேட் ஒன்றுக்குப் பிறகு ஆன கோளாறு என்றால் அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ். இரண்டும் உதவாவிட்டால் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய், ரீஸ்டார்ட் ஆனதும் 4ஐ அழுத்தினால் சேஃப் மோட், அதாவது அவசியமானதை மட்டும் எழுப்பும் விண்டோஸ். 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட் ஒன்றினால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு விழுந்தபோது, அவற்றில் பலவற்றை எழுப்பியதும் சேஃப் மோட்டில் போய் ஒரு ஃபைலை அழித்துத்தான்.

நடுவில், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் 48 இலக்க எண் கேட்டால் பதற வேண்டாம். உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கை ஃபோனில் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கே இருக்கும்.

ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று தட்டினால் மட்டும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவை ஓன் பண்ணும்போதும் உள்ளே இருப்பது இன்னும் கெடும்.

ஓன் ஆகி, கொஞ்ச நேரத்தில் அணைகிறது

அனேகமாகச் சூடு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பிரொசசரின் சூட்டை இறக்கும் ஹீட்சிங்கில் தூசி அப்பிவிடும். வயரைக் கழற்றிவிட்டு, ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், சுற்ற விட வேண்டாம். பழைய மெஷின் என்றால் பிரொசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசிய பேஸ்டும் காய்ந்திருக்கும்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் கடைதான். அங்கே போய் "ஓன் ஆகுது இல்ல" என்று மட்டும் சொல்லாமல், "ஃபேன் சுற்றுது, ராம் மாற்றிப் பார்த்தேன், திரை வரவில்லை" என்று சொல்லுங்கள். ஃபோர்மட் என்ற பேச்சு வந்தால், அதற்கு முன் படங்களையும் ஃபைல்களையும் கொப்பி எடுத்துத் தரச் சொல்லுங்கள். மாற்றுகிற பழைய பார்ட்டையும் கையோடு வாங்கி வாருங்கள்.