பூத ரப்பர், வேற்றுக்கிரக ரப்பர்: சேகரிப்பவர்கள் செய்யும் தவறுகள்

பூதம், வேற்றுக்கிரகவாசி உருவில் வார்த்த சிறு அழிப்பான் பொம்மைகளைச் சேகரிப்பவர்களுக்கான குறிப்பு இது. பழைய பூத ரப்பர்களைக் கெடுப்பதில் வயதைவிட டப்பாவுக்குத்தான் பங்கு அதிகம். கண்ணாடிபோல் பளபளக்கும், அறை அறையாகப் பிரித்த பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கினால் பார்க்க அழகாக இருக்கும். அந்தப் பெட்டி பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் வகை என்றால், நாளடைவில் மூன்று கண் பூதத்தின் முதுகு பெட்டியோடு ஒட்டி உருகிக் கிடக்கும்.

காரணம் எளிது. இந்த ரப்பர்கள் பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை வளைய வைக்க எண்ணெய் போன்ற ஒரு மென்மையூட்டியைச் சேர்க்கிறார்கள். அது உள்ளே அடங்கிக் கிடப்பதில்லை. மெல்லக் கசிந்து, தொடும் பாலிஸ்டைரீனை இளக்கிவிடும். பள்ளி ரப்பருக்கு அட்டை உறை போடுவதும் இதற்காகத்தான். பெட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அது பாலிஸ்டைரீன், தவிர்த்துவிடுங்கள். 5 என்று இருந்தால் பாலிப்ரொப்பிலீன், 2 அல்லது 4 என்றால் பாலிஎதிலீன், இவை பரவாயில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு பையில் போடுங்கள். சிவப்பும் வெள்ளையும் ஒட்டி இருந்தால் சாயம் ஏறும், ஏறிய சாயம் இறங்காது. கட்டி வைக்க ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம்.

பிசுபிசுத்துப் போனதற்குப் பவுடர் தூவுவது அடுத்த தவறு. கசிந்த எண்ணெயோடு பவுடர் குழைந்து, செதில், பல், நகம் என்று நுணுக்கமெல்லாம் அடைத்துக்கொள்ளும். தின்னர், நெயில்பாலிஷ் ரிமூவர் இன்னும் மோசம்: அசிட்டோன் பிவிசியை ஊதவைக்கும். ஆல்கஹால் மென்மையூட்டியை உறிஞ்சி எடுத்து ரப்பரை விறைக்க வைக்கும். வெதுவெதுப்பான நீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பல் துலக்கி, இவ்வளவு போதும். முதலில் பாதத்தின் அடியில் தேய்த்துப் பாருங்கள். நிழலில் உலரட்டும், ஹேர் டிரையர் காட்டாதீர்கள். பென்சில் மாட்டும் துளைக்குள் தங்கும் நீரைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுங்கள்.

உண்மையில் அழிக்கிறதா என்று தாளில் தேய்த்துப் பார்ப்பவர்களும் உண்டு! கொம்பு மழுங்குவதுதான் மிச்சம். ஜப்பானில் 'கெஷி' எனப்படும் சிறு உருவங்கள் அழிப்பான் என்ற சொல்லிலிருந்து பெயர் பெற்றவை. ஆனாலும் பெரும்பாலானவை எதையும் அழிக்காது. அதனால், அழிக்கவில்லை என்பதற்காகப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். பென்சிலில் செருகிக் காட்சிக்கு வைப்பதும் ஆபத்து. இறுகிப்போன பழைய ரப்பர் துளையின் விளிம்பில் பிளந்துவிடும்.

காலம் கணிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. முதுகிலோ பாதத்திலோ காணும் காப்புரிமை (©) ஆண்டு, பாத்திரம் உருவான ஆண்டாகவும் இருக்கலாம். வார்த்த ஆண்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஜப்பானில் பான்டாய் நிறுவனம் 1983ல் விற்கத் தொடங்கிய, 'கின்னிக்குமான்' என்ற மல்யுத்த காமிக்ஸின் பாத்திர உருவங்கள் பிற்காலத்தில் மறுவெளியீடாகவும் வந்தன. ஆண்டை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள். முத்திரையின் எழுத்து கூர்மையாக இருக்கிறதா, அச்சுக்கோடு (அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழும் கோடு) எங்கே ஓடுகிறது, உயரம் எத்தனை மில்லிமீட்டர் என்று ஐயமற்ற ஓர் அசலோடு ஒப்பிடுங்கள். அசலை அச்சாக வைத்து வார்த்த நகல் பெரும்பாலும் சற்றுச் சுருங்கியிருக்கும், எழுத்தும் மழுங்கியிருக்கும்.