பழைய செயின்சாவில் விறகு அறுப்பவர்களுக்கு

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழல் மரங்களைக் கவாத்து செய்து முடித்ததும், சில்வர் ஓக் கிளைகள் விறகாகக் குவிந்துவிடும். கொட்டகையில் கிடக்கும் பழைய செயின்சாவை, அதாவது பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பத்தை, எடுக்க நினைப்பவர்கள் முதலில் பெட்ரோலைக் கவனிக்க வேண்டும். இன்று பங்க்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர் குழாயையும் கார்புரேட்டரின் டயாஃப்ரம் என்னும் மெல்லிய சவ்வையும் கெடுக்கும். மலையின் ஈரக்காற்றிலிருந்து தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே வேலை முடிந்ததும் டாங்கியைக் காலி செய்து, இயந்திரம் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். விறைத்துப்போன குழாயை மாற்றிவிடுவதே மலிவு.

பெட்ரோலில் கலக்க வேண்டிய ஆயிலின் அளவை டாங்கி மூடியிலோ கையேட்டிலோ பாருங்கள். 25:1 என்றிருந்தால் லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில். சங்கிலிக்கான ஆயில் வேறு. சில பழைய மாடல்களில் அதைக் கட்டைவிரலால் அழுத்தித்தான் விட வேண்டும், அறுக்கும் மும்முரத்தில் மறந்துபோகும்.

மிகப் பழைய இயந்திரங்களில் சங்கிலியைச் சட்டென நிறுத்தும் பிரேக் கிடையாது. சங்கிலி சுற்றி ஓடும் தகட்டின் முனையில் மேல்பகுதி மரத்தில் பட்டால் இயந்திரம் முகத்தை நோக்கி எகிறும். முனையால் அறுக்கவே கூடாது. தோளுக்கு மேல் தூக்கவும் கூடாது. இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை. பிரேக் இல்லாத இயந்திரத்தைக் கூலியாளிடம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மண் ஒட்டிய கட்டையைத் தட்டிவிட்டு, தாங்குகட்டை மேல் வைத்து அறுங்கள். தூள் மாவாக விழுந்தால் சங்கிலி மழுங்கிவிட்டது. தீட்டுவதற்கு உருண்டை அரத்தை எடுக்கலாம்.